விழுங்கும் கேப்சூலுக்குள் எலக்ட்ரானிக்ஸ்: முதல் மாதிரியைச் செய்ய முழுமையான வழிகாட்டி

விழுங்கும் சென்சார் கேப்சூல் செய்யப் போகிறோம் என்று வரும் மாணவர்களிடம் கேட்டால், எந்த சென்சார், எந்த சிப் என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். எந்த பேட்டரி, எந்தப் பசை, எத்தனை நாள் தண்ணீர் புகாமல் நிற்கும் என்று கேட்டால் பதில் வருவதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் வரிசையை மாற்றியிருக்கிறேன். உறையில் தொடங்கி, பேட்டரி, ரேடியோ, போர்டு என்று போய், சென்சாருக்குக் கடைசியில்தான் வருவோம். சென்சாரில் தொடங்கினால், பாதி வழியில் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டிவரும்.

நாம் செய்யப்போவது உடலின் உள்வெப்பத்தை அளந்து வெளியே அனுப்பும் கேப்சூல். கேமரா இல்லை, மருந்து இல்லை. வெப்பம் மட்டும் போதுமா என்று தோன்றலாம். கத்திரி வெயிலில் மரக்காணம் உப்பளத்திலோ நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புத் தோட்டத்திலோ வேலை செய்பவர்களை நினைத்துப் பாருங்கள். உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஹீட் ஸ்ட்ரோக் ஆபத்து. வியர்வையில் நனைந்த அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் அதைச் சரியாகக் காட்டாது. குடலுக்குள் இருந்து வரும் அளவு நம்பத்தக்கது. 1998-இல் தனது 77-ஆம் வயதில் விண்வெளிக்குச் சென்ற ஜான் கிளென், அங்கே இப்படியொரு வெப்பமானி கேப்சூலை விழுங்கித்தான் தன் உடல் வெப்பத்தைப் பதிவு செய்தார்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே செய்வது மேசைமேல் வைத்துச் சோதிக்கும் மாதிரி. இதை யாரும் விழுங்கக் கூடாது. நீங்களும் கூடாது, நண்பரும் கூடாது, வீட்டு நாய்க்கும் கொடுக்கக் கூடாது. ஏன் என்பது பேட்டரி பற்றிய பகுதியில் விளங்கும்.

படி 1: இடத்தை அளந்துகொள்ளுங்கள்

இந்தத் துறை புதியதல்ல. ரேடியோ அனுப்பும் கேப்சூல்கள் 1957-லேயே வந்துவிட்டன. இஸ்ரேலியப் பொறியாளர் கவ்ரியேல் இடானின் கேமரா கேப்சூலுக்கு 2001-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. அதன் அளவு ஏறத்தாழ 11 மி.மீ. விட்டம், 26 மி.மீ. நீளம். பெரும்பாலான பெரியவர்களால் சிரமமில்லாமல் விழுங்க முடிகிற அளவு என்பதால், நாமும் அதையே எடுத்துக்கொள்வோம்.

இரு முனையும் அரைக்கோளமாக இருந்தால் இந்த உறையின் மொத்தக் கன அளவு சுமார் 2.1 மி.லி. சுவர்த் தடிமன் 0.7 மி.மீ. என்று வைத்தால் உள்ளே மிஞ்சுவது 1.5 மி.லி.தான். அதாவது கால் பங்குக்கு மேல் சுவருக்கே போய்விடுகிறது. உள்விட்டம் 9.6 மி.மீ. அந்த வட்டத்துக்குள் அடங்கும் மிகப்பெரிய சதுரம் 6.8 மி.மீ. பக்கம் கொண்டது. ஆகவே, 7 மி.மீ. சதுர ஐசியை, அதாவது சிப்பை, குறுக்காகப் படுக்க வைத்தால் மூலை முட்டும். கருவியை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலரும் ரேடியோவும் ஒரே சிப்பில் இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கும் பல ஐசிகள் இங்கேயே கழிந்துவிடும். பட்டியல் போடுவதற்கு முன் ஒரு தாளில் 9.6 மி.மீ. வட்டம் வரைந்து, ஒவ்வொரு பாகத்தையும் அதற்குள் வரைந்து பாருங்கள்.

படி 2: காலி உறையைச் செய்து, கசிகிறதா என்று பாருங்கள்

எலக்ட்ரானிக்ஸ் எதையும் தொடுவதற்கு முன் காலி உறையைச் சோதிக்க வேண்டும். பாலிகார்பனேட் தண்டு வாங்கி, புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி அல்லது மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சிறிய லேத் வைத்திருப்பவரிடம் கொடுத்தால் கடைந்து தருவார். 3டி பிரிண்டர் ரெசின் உறை, பாகங்கள் உள்ளே அடங்குகின்றனவா என்று பார்க்க மட்டும் உதவும். முழுதாக இறுகாத ரெசின் உடலுக்கு ஆகாது, நீரையும் உறிஞ்சும்.

இரு பாதிகளும் முனையோடு முனை முட்டும் இணைப்பு வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்று குறைந்தது 2 மி.மீ. நுழையும்படி கடையச் சொல்லுங்கள். தண்ணீர் உள்ளே வர அந்த 2 மி.மீ. பசையைக் கடக்க வேண்டியிருக்கும். ஒட்டும் பரப்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, விரல் படாமல் ஒட்டுங்கள். இரு பகுதி கொண்ட மெடிக்கல் தர எபாக்ஸிதான் சரி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கடலோரக் காற்றின் ஈரப்பதம் எபாக்ஸியின் கடினமாக்கியைக் கெடுக்கும். மேற்பரப்பு பிசுபிசுவென்று நிற்கும். ஏசி அறையில் கலக்குங்கள், திறந்த பாட்டிலை உடனே மூடுங்கள்.

இப்போது சோதனை. உறை ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் என்பதால் ஒரு வசதி இருக்கிறது. நன்றாகச் சூடாக்கி உலர்த்திய சிலிகா ஜெல் மணி ஒன்றை, ஈரம் பட்டால் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் வகையில் பார்த்து, உள்ளே போட்டு ஒட்டிவிடுங்கள். முதலில் 60 டிகிரி வெந்நீரில் முக்குங்கள். உள்ளே இருக்கும் காற்று விரியும். இணைப்பில் ஓட்டை இருந்தால் ஊசிமுனை அளவு குமிழ்கள் வரிசையாகக் கிளம்பும். அதில் தேறிய உறைகளைக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தின் நுண்தராசில் எடைபோட்டுக் குறித்துக்கொண்டு, 37 டிகிரி அமிலக் கரைசலில் விடுங்கள். இரைப்பை நீருக்குப் பதிலாக மருந்தியலில் பயன்படும் செய்முறை எளிது: ஒரு லிட்டருக்கு 2 கிராம் உப்பு, 7 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிஎச் 1.2. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். முழுச் செய்முறையில் பெப்சின் நொதியும் உண்டு. முதல் சுற்றுக்கு அது இல்லாமலே செய்யலாம்.

அமிலத்தில் ஒரு நாள், அப்புறம் பிஎச் 6.8 பாஸ்பேட் கரைசலில் ஆறு நாள். மணி நிறம் மாறக் கூடாது. துடைத்து உலர்த்திப் போட்ட எடை கூடக் கூடாது. கேப்சூல் உடலில் இருப்பது வழக்கமாக ஒன்றிலிருந்து மூன்று நாள். மலச்சிக்கல் உள்ளவர்களிடம் அதற்கு மேலும் ஆகும். அதனால்தான் ஒரு வாரக் கணக்கு. இதில் தேறாத உறைக்குள் என்ன வைத்தாலும் வீண்.

படி 3: பேட்டரி

இந்தக் கருவியில் மிக ஆபத்தான பாகம் இதுதான். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகலாம். ரசாயனம் கசிவதால் மட்டும் அல்ல. ஈரமான திசு வழியாக மின்சாரம் பாய்ந்து, எதிர்முனைப் பக்கம் காரம் உருவாகி, திசுவை அரிக்கிறது. தண்ணீரைப் பிரிக்க 1.23 வோல்ட் போதும். நம் கேப்சூலில் இருப்பதோ அதைவிட அதிகம். உறை விரிசல் விட்டால் நாமும் அதே ஆபத்தைத்தான் உள்ளே அனுப்புகிறோம். ஆகவே பேட்டரிக்கு இரண்டு தடுப்பு வேண்டும்: அதைச் சுற்றித் தனியாக எபாக்ஸி, அதற்கு வெளியே உறை. ஒன்று உடைந்தாலும் மற்றொன்று நிற்க வேண்டும்.

வகை: சில்வர் ஆக்சைடு. வாட்ச் கடையில் 377 என்று கேட்டால் கிடைக்கும். 6.8 மி.மீ. விட்டம், 2.6 மி.மீ. உயரம், 1.55 வோல்ட், கொள்ளளவு சுமார் 25 மில்லி ஆம்பியர்-மணி. இரண்டைத் தொடராக வைத்தால் 3.1 வோல்ட். வாங்கும்போது கவனியுங்கள்: 377 முள் வாட்சுக்கானது, குறைந்த மின்னோட்டம்தான் தரும். அதே அளவில் 376 என்பது அதிக மின்னோட்டம் தரக்கூடியது. எங்களுக்கு இது விருப்பம். கிடைக்காவிட்டால் 377-ஐ வைத்தும் சமாளிக்கலாம், எப்படி என்று அடுத்த படியில் சொல்கிறேன். பேட்டரிமேல் நேராக சால்டர் வைக்காதீர்கள். உள் சீல் கெட்டுப்போகும். ஸ்பாட் வெல்ட் செய்த தகடு உள்ள பேட்டரியாக வாங்குங்கள். இதே காரணத்தால் எபாக்ஸியையும் 60 டிகிரிக்குக் கீழேதான் இறுகவிட வேண்டும்.

படி 4: மின் கணக்கு

கேமரா கேப்சூலின் கதை வேறு: 55 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை வைத்து எட்டு மணி நேரம் ஓட வேண்டுமானால் சராசரி 7 மில்லி ஆம்பியருக்குள் நிற்க வேண்டும். நமக்குப் பத்து நொடிக்கு ஒரு அளவு போதும். ஒரு செய்தி 20 பைட், நொடிக்கு 38,400 பிட் வேகத்தில் அது 4 மில்லி நொடிதான். அப்போது ரேடியோ 13 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்றால் 52 மைக்ரோ கூலும் மின்னூட்டம். விழித்தெழும் நேரத்தையும் சேர்த்து 60 என்று வைப்போம். பத்து நொடிக்குப் பகிர்ந்தால் சராசரி 6 மைக்ரோ ஆம்பியர். தூக்க நிலைக்கும் சென்சாருக்கும் இன்னொரு 4. மொத்தம் 10 மைக்ரோ ஆம்பியர். மூன்று நாளைக்கு 0.72 மில்லி ஆம்பியர்-மணி. 25-இல் இது ஒன்றுமே இல்லை.

பலர் இதோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். உண்மையான சிக்கல் அந்த 4 மில்லி நொடியில் இருக்கிறது. சின்ன பேட்டரியின் உள்தடை அதிகம். திடீரென 13 மில்லி ஆம்பியர் கேட்டால் வோல்டேஜ் சரிந்து, மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகும். மறுபடி எழும், மறுபடி அனுப்பப் பார்க்கும், மறுபடி விழும். அதனால் அந்த 60 மைக்ரோ கூலும் மின்னூட்டம் கெப்பாசிட்டரிலிருந்து வர வேண்டும். 100 மைக்ரோ ஃபாரட் போட்டால் சரிவு 0.6 வோல்ட். ஆனால் செராமிக் கெப்பாசிட்டரில் 3 வோல்ட் ஏறும்போது உண்மையான மதிப்பு பாதியாகக்கூடக் குறையும். அப்போது சரிவு 1.2 வோல்ட், 3.1-லிருந்து 1.9. ரேடியோ சிப்பின் கீழ் எல்லை 1.8. மயிரிழையில் தப்பிக்கிறோம். ஆகவே இரண்டு கெப்பாசிட்டரை இணையாகப் போடுங்கள்.

பேட்டரிக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வையுங்கள். பத்து மைக்ரோ ஆம்பியருக்கு அதில் இழப்பு வெறும் 10 மில்லி வோல்ட். போர்டில் எங்கே ஷார்ட் ஆனாலும் 3 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயாது. ரெசிஸ்டரைப் பேட்டரித் தகட்டுக்கு மிக அருகில் வைத்து, அதையும் சேர்த்து முதல் எபாக்ஸித் தடுப்புக்குள் புதைத்துவிடுங்கள். 377-ஐ வைத்துச் சமாளிக்கலாம் என்றதும் இந்த ஏற்பாட்டால்தான்.

அலமாரியில் இருக்கும்போது கேப்சூல் தூங்க வேண்டும். பெட்டியில் ஒரு காந்தம். காந்தம் அருகில் இருக்கும்வரை, காந்தத்தால் இயங்கும் ரீட் சுவிட்ச், மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் செய்யும் மாஸ்ஃபெட்டின் கேட்டை (அதை இயக்கும் முனையை) தரையோடு, அதாவது பேட்டரியின் எதிர்முனையோடு, இணைத்து அணைத்து வைக்கும். கேட்டை மேலே இழுக்கும் ரெசிஸ்டர் 10 மெகா ஓம் என்றால் கசிவு 0.3 மைக்ரோ ஆம்பியர், ஆண்டுக்கு 2.7 மில்லி ஆம்பியர்-மணி. ஏற்றுக்கொள்ளலாம்.

படி 5: ரேடியோ, ஆன்டெனா

புளூடூத் எளிதுதானே என்பார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடலின் நீர் வெகுவாக விழுங்கிவிடும். வயிற்றின் ஆழத்திலிருந்து வெளியே வர 402–405 மெகாஹெர்ட்ஸ் பட்டைதான் ஏற்றது. மருத்துவக் கருவிகளுக்கென ஒதுக்கப்பட்டது. 25 மைக்ரோவாட்டுக்கு மிகாமல், 300 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் இருந்தால் இந்தியாவில் தனி உரிமம் தேவையில்லை. சிசி1101 என்ற 4 மி.மீ. சதுர ரேடியோ ஐசி இந்தப் பட்டையை எட்டும். அனுப்பும் திறனை மென்பொருளில் அந்த எல்லைக்குள் குறைத்து வையுங்கள்.

403 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் 74 செ.மீ. தசைக்குள் அதுவே 10 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அதனால் மெல்லிய செம்புக் கம்பியை உறையின் உட்சுவரை ஒட்டிச் சுருளாகச் சுற்றினால் ஒப்பேறும். ஆனால் காற்றில் வைத்து ட்யூன் செய்த ஆன்டெனா, உடலுக்குள் போனதும் வேறு அலைவரிசைக்குப் போய் நிற்கும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் லிட்டருக்கு 4.5 கிராம் உப்பு கரைத்த நீரை எடுங்கள். அதன் கடத்துதிறன் தசையை நெருங்கும். அலையைச் சுருக்கும் மின்காப்பு மாறிலி தண்ணீரில் 78 அளவிலும் தசையில் 57 அளவிலும் இருப்பதால், சர்க்கரை சேர்த்தால் இன்னும் நெருங்கும். அதற்குள் ஆன்டெனாவை முக்கி, நானோவிஎன்ஏ என்ற ஆன்டெனா அளக்கும் சிறு கருவியை வைத்துப் பார்த்துக் கம்பியை நறுக்குங்கள். இதில் ஏமாற்றுவது கேபிள். அளவெடுக்கும் கேபிளின் வெளிக்கவசமே ஆன்டெனாவாக வேலை செய்து அருமையான படம் காட்டும். கேபிளில் ஃபெரைட் வளையங்களை மாட்டி, கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள். வரைபடம் ஆடினால் நீங்கள் அளப்பது கேபிளை.

பெறும் பக்கத்துக்கு, யுஎஸ்பியில் செருகும் ரேடியோ ஏற்பியான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒன்றும் லேப்டாப்பும் போதும்.

படி 6: போர்டு

9 மி.மீ. வட்டங்கள் மூன்று, அவற்றை இணைக்கும் மெல்லிய கழுத்துகள். வளையும் பாலிஇமைடு பிளெக்ஸ் போர்டில் இப்படி வரைந்து, பாகங்களை வைத்தபின் அடுக்காக மடித்து உள்ளே செருகுகிறோம். மடிப்பு வரும் இடத்தில் துளை வேண்டாம், பாகம் வேண்டாம். செம்புக் கோடுகள் மடிப்புக்குச் செங்குத்தாக ஓட வேண்டும். மடிப்பின் ஆரம் போர்டின் தடிமனைப் போல் பத்து மடங்காவது இருக்கட்டும்.

பாலிஇமைடு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டரில் வேலை செய்யும் நமக்கு இது சாதாரண விஷயமில்லை. சால்டர் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி அடுக்குகளைப் பிரித்துவிடும். வேலைக்கு முன் இரண்டு மணி நேரம் 110 டிகிரி போல சூடாக்கி உலர்த்துங்கள். ஐசிகளையும் சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள்.

ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் 0201 அளவு, அதாவது 0.6-க்கு 0.3 மி.மீ. பெரிய கெப்பாசிட்டர் மட்டும் விதிவிலக்கு. இந்த அளவில் வேலை செய்யக் கைப்பழக்கம் எங்கே கிடைக்கும்? என் கருத்தில், கல்லூரி ஆய்வகத்தைவிட புதுச்சேரி அண்ணா சாலை, நேரு வீதிப் பக்கத்து மொபைல் சர்வீஸ் கடைகளில். ஐசியின் அடியில் சால்டர் உருண்டைகளைப் புதிதாக வைக்கும் (ரீபால்) ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி, ஸ்டென்சிலைச் சிப்பின்மேல் அழுத்தி, பேஸ்ட்டைக் கத்தியால் ஒரே இழுப்பில் வழித்து, ஹாட் ஏரைச் சாய்வாகத் தூரத்திலிருந்து கொண்டுவருவார். சாம்பல் நிறப் பேஸ்ட் உருகி, ஒவ்வொன்றும் பளபளவென்று உருண்டையாகும் தருணத்தில் காற்றை விலக்குவார். பாகம் தானே நகர்ந்து இடத்தில் உட்காரும். இடுக்கியால் தள்ளினால் கெடும். இதைக் கூச்சமில்லாமல் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், அந்த நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள்.

படி 7: சென்சார்

டிஎம்பி117 என்ற 2 மி.மீ. சதுர ஐசி, −20 முதல் 50 டிகிரி வரை 0.1 டிகிரிக்குள் பிழையோடு அளக்கும். ரேடியோவுக்கு எதிர்முனையில், சுவரை ஒட்டி வையுங்கள். உறைக்குள் அடைத்தபின் 35, 37, 39, 41 டிகிரித் தண்ணீரில், சான்றளித்த தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பனிநீரிலிருந்து 37-க்கு மாற்றி, அளவு நிலைபெற எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் குறியுங்கள். எபாக்ஸி தடிமனாக இருந்தால் அது கூடும்.

இந்த ஒரே சென்சாரிலிருந்து இடத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். ஆள் குளிர்ந்த தண்ணீர் குடிக்கும்போது அளவு சட்டென்று விழுந்தால் கேப்சூல் இன்னும் இரைப்பையில் இருக்கிறது. குடித்தும் விழவில்லையென்றால் தாண்டிவிட்டது. பிஎச் அளக்க ஆசைப்படுபவர்கள் அதை இரண்டாவது மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு உறையில் ஒரு வாசல் வேண்டும், நம்பகமான ஒப்பீட்டு மின்முனையும் வேண்டும். படி 2-இல் அடைத்த ஓட்டையை நாமே மறுபடி திறப்பதற்குச் சமம் அது.

படி 8: முழுக் கேப்சூல் சோதனை

எல்லாவற்றையும் அடைத்தபின், படி 2-இன் சோதனைகளை ஓடும் கேப்சூலை வைத்து மறுபடி செய்யுங்கள். கூடவே கடிபடும் சோதனையும். கடைவாய்ப் பல்லின் விசை நூற்றுக்கணக்கான நியூட்டன். சிவில் அல்லது மெக்கானிக்கல் துறையின் அழுத்தச் சோதனை இயந்திரத்தில் வைத்து, எத்தனை நியூட்டனில் விரிசல் விழுகிறது, விழுந்தபின் பேட்டரியின் உள்தடுப்பு நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வாளி நீரில் 10, 15 செ.மீ. ஆழத்தில் வைத்து, நூறு செய்தியில் எத்தனை வந்து சேருகிறது என்று எண்ணுங்கள்.

படி 9: மருத்துவரிடம் போகும்போது

இதற்கு மேல் நீங்கள் தனியாகப் போகும் பாதை இல்லை. புதுச்சேரி ஜிப்மர் போன்ற மருத்துவக் கல்லூரியின் இரைப்பை குடல் துறையோடு பேச வேண்டும். மனிதர்மேல் சோதிக்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், 2017 மருத்துவக் கருவிகள் விதிகளின்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓவின் அனுமதியும் வேண்டும். ஆபத்துகளைப் பட்டியலிட ஐஎஸ்ஓ 14971, உடலோடு படும் பொருள்களுக்கு ஐஎஸ்ஓ 10993, மின்பாதுகாப்புக்கு ஐஇசி 60601. முதல் நாளிலிருந்தே சோதனைக் குறிப்பேடு வைத்திருந்தால் இந்தக் கோப்புகள் பாதி தயார்.

மருத்துவர் முதலில் கேட்கப்போவது, சிக்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்றுதான். நம் நாட்டில் குடல் காசநோய் இன்னும் காணப்படுகிறது. அது குடலைச் சுருக்கிவிடும். சுருங்கிய இடத்தில் கேப்சூல் நின்றுவிட்டால் எண்டோஸ்கோப்பி அல்லது அறுவை சிகிச்சை வரை போகலாம். அதனால் குடல் அடைப்பு, குடல் சுருக்கம், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களைச் சோதனையில் சேர்ப்பதில்லை. சந்தேகம் இருந்தால் தானே கரைந்துவிடும் பரிசோதனைக் கேப்சூலை முதலில் கொடுத்துப் பார்ப்பார்கள். கேப்சூல் வெளியேறும்வரை எம்ஆர்ஐ கூடாது. அந்த எச்சரிக்கையைத் தமிழில் அச்சிட்ட கைப்பட்டையாக ஆளின் மணிக்கட்டில் கட்டிவிடுங்கள்.

வெளியேறியதை எப்படி அறிவது என்பதற்கும் பதில் வேண்டும். பதிவில் வெப்பம் 37-லிருந்து அறை வெப்பத்துக்கு இறங்கி, அப்புறம் சிக்னல் நின்றால் வெளியேறிவிட்டது. 37-லேயே சிக்னல் நின்றுபோனால் பேட்டரி தீர்ந்ததா, போர்டு கெட்டதா, கேப்சூல் இன்னும் உள்ளேயா என்று தெரியாது. அப்போது வயிற்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பேட்டரி இரண்டும் அதில் பளிச்சென்று தெரியும். அந்த எக்ஸ்ரேயை யார் எழுதிக்கொடுப்பது, எத்தனையாவது நாளில் எடுப்பது என்பதைச் சோதனைத் திட்டத்திலேயே எழுதி மருத்துவரின் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.